பகல் கோளாறு வேறு, இரவுக் கோளாறு வேறு

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஐயா, திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு எல்லாம் ஒரே ஒரு டெபியன் 12 (லினக்ஸ்) சர்வரில் ஓடுகின்றன. நாலு மாதமாக அதன் நெட்வொர்க் திடீர் திடீரென்று போய்விடுகிறது. பகலில் போனால் சில நொடிகளில் தானே வந்துவிடும். இரவு பேக்கப் நேரத்தில் போனால் வருவதே இல்லை, காலையில் ரீபூட் செய்தால்தான் உயிர் வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் ஒன்றும் ஆவதில்லை. பேட்ச் கேபிள் மாற்றினேன், சுவிட்சில் வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன். புதிதாக ஒரு கார்டு வாங்கிப் போட்டேன், அதில் நெட்வொர்க் வரவே இல்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து, பதில் இல்லாவிட்டால் சர்வரை ரீபூட் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) போட்டு வைத்திருக்கிறேன். முதலாளி புது சர்வரே வாங்கிவிடலாம் என்கிறார். வாங்கலாமா? லாக் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் அந்த ரீபூட் ஸ்கிரிப்டை நிறுத்துங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பகலில் கேபிள் சில நொடி விட்டுப் போகும் அதே சமயத்தில் உங்கள் பிங் போனால், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வர் விழும். டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் நிற்கும். நெட்வொர்க் பத்து நொடி இல்லாமல் போவதைவிட அது பெரிய சேதம். ரீபூட்டுக்குப் பதிலாக நேரத்தையும் சில எண்களையும் ஒரு கோப்பில் எழுதும்படி அந்த ஸ்கிரிப்டை மாற்றிவிடுங்கள். என்னென்ன எண்கள் என்று கீழே சொல்கிறேன்.

இனி லாக். உங்கள் லாக்கை இரண்டு முறை படித்தேன். உங்கள் சர்வரில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. நாலு மாதமாக நீங்கள் இரண்டையும் ஒன்று என்று நினைத்து மருந்து கொடுத்ததால்தான் எதுவும் கேட்கவில்லை. கேபிளை மாற்றினீர்கள், அன்று இரவும் பேக்கப் நின்றது, ஆகவே கேபிள் காரணம் இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் பகல் கோளாறுக்கான சோதனையை இரவுக் கோளாறை வைத்து மதிப்பிட்டால் விடை கிடைக்காது.

பகல் நேரத்து வரிகளைப் பாருங்கள். 'லிங்க் இஸ் டவுன்' என்று ஒரு வரி. நாலு நொடி கழித்து 'லிங்க் இஸ் அப்' என்று அடுத்தது. இந்த இரண்டாவது வரியில் வேகம் சில சமயம் 1 ஜிபிபிஎஸ், சில சமயம் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கிறது. 100 என்று வந்த இடங்களில் எல்லாம் பக்கத்தில் 'டவுன்ஷிஃப்டட்' என்ற சொல்லும் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வாய்விட்டே சொல்லியிருக்கிறது: 1 ஜிபிபிஎஸ் என்று பேசி முடித்த வேகம் 100 ஆக இறங்கிவிட்டது, கேபிளிங்கைப் பாருங்கள் என்று. அந்த வரி உங்கள் லாக்கில் பதினோரு முறை இருக்கிறது.

ஏன் கேபிள் என்று கெர்னலால் சொல்ல முடிகிறது? 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஈத்தர்நெட் கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளில் இரண்டு போதும். பிளக்கின் 1, 2, 3, 6 ஆகிய கால்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு முனைகளும் ஜிகாபிட் என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு ஜோடி சரியாகப் பேசவில்லை என்றால் சிப் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு 100க்கு இறங்கிவிடும். இது டிரைவர் கோளாறில் வராது. சர்வர் பழசானாலும் வராது. எங்கோ செம்பில்தான் பிரச்சினை.

அப்புறம் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். நாலு மாதத்துக்கு முன் சர்வரை ஆபீஸ் அறையிலிருந்து பேக்கிங் பக்கத்து அறைக்கு மாற்றினீர்கள், எலக்ட்ரீஷியன் சுமார் 40 மீட்டருக்குப் புது கேபிள் இழுத்து அவரே பிளக் அடித்துக் கொடுத்தார். கோளாறு தொடங்கியதும் நாலு மாதத்துக்கு முன்புதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இல்லை, வண்டி தள்ளுவது இல்லை, கோளாறும் இல்லை. நீங்கள் மாற்றியது சுவரிலிருந்து சர்வருக்கு வரும் ஒரு மீட்டர் பேட்ச் கேபிளை. சுவருக்குள்ளும் பேக்கிங் அறை ஓரமாகவும் போகும் அந்த 40 மீட்டரை யாரும் தொடவே இல்லை.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நிறங்களைப் படியுங்கள். கிளிப் கீழே இருக்க, பின்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, இடமிருந்து வலம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசையாக இருந்தால் அது தவறு. இரண்டு முனையிலும் அதே மாதிரி அடித்திருந்தாலும் தவறுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதில் இரண்டு நாள் இழந்திருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இதே புகார். எட்டு லைட் எரியும் சின்ன டெஸ்டரை மாட்டினேன், எட்டும் வரிசையாக எரிந்தது. கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு சுவிட்சை மாற்றினேன், கார்டை மாற்றினேன். இரண்டாம் நாள் மாலை பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் நிறங்கள் ஜோடி ஜோடியாக நின்றது தெரிந்தது. அந்த டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த முனையின் மூன்றாம் கால் அந்த முனையின் மூன்றாம் காலோடு சேர்ந்திருக்கிறதா? ஆனால் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் சேர்ந்து ஒரே சிக்னலைக் கொண்டுபோனால்தான் வெளி இரைச்சல் கழிந்துபோகும். மூன்றாம் காலும் ஆறாம் காலும் ஒரு ஜோடி. ஒன்று பச்சை முறுக்கிலும் மற்றது நீல முறுக்கிலும் இருந்தால், தொடர்பு இருக்கும், பாதுகாப்பு இருக்காது. சின்ன டெஸ்டரால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 5 மீட்டரில் ஓடிவிடும். 40 மீட்டரில், பக்கத்தில் கரண்ட் வயரும் போனால், ஒரு நாள் ஓடும் ஒரு நாள் ஓடாது.

நிறம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கம்பியின் மேல். வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வரைக்கும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. மேலே செம்பும் உள்ளே வெள்ளையுமாக இருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது, கடையில் சிசிஏ என்று கேட்டாலே சொல்வார்கள். மடக்கிய இடத்தில் அது சீக்கிரம் விட்டுப் போகும். பிளக்குக்குப் பின்னால் ஒருமுறை வளைந்து நின்றாலே போதும். தள்ளுவண்டி இடித்தால் விடும், இடிக்காவிட்டால் ஒட்டும்.

சரி, இதை எப்படி உறுதி செய்வது? சுவர் கேபிளை ஒதுக்கிவிட்டு, கடையில் விற்கும், கம்பெனியிலேயே பிளக் அடித்த 50 மீட்டர் செம்புக் கேபிள் ஒன்றைத் தரையோரமாக ஒரு வாரத்துக்கு இழுத்து விடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை, ஒரு வாரம்தான். /சிஸ்/கிளாஸ்/நெட் அடைவுக்குள் உங்கள் இன்டர்ஃபேஸ் (லினக்ஸ் பார்வையில் நெட்வொர்க் போர்ட்) பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதில் கேரியர்_சேஞ்சஸ் என்ற கோப்பைத் திறந்தால் ஓர் எண் கிடைக்கும். சர்வர் ஏறியதிலிருந்து லிங்க் எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற கணக்கு அது. நல்ல கேபிளில் அந்த எண் வாரம் முழுக்க அசையக் கூடாது. ஸ்கிரிப்டில் எழுதச் சொன்ன எண்களில் இது முதலாவது.

கூடவே ஒரு வேகச் சோதனையும் செய்யுங்கள். ஐபெர்ஃப்3 நிறுவி, மற்றொரு கணினியோடு அரை மணி நேரம் ஓட விடுங்கள், ஒரு முறை இப்படி, ஒரு முறை திசை மாற்றி. ஜிகாபிட் என்றால் 940 எம்பிபிஎஸ் பக்கம் நிற்க வேண்டும். 94 என்று வந்தால் லிங்க் 100க்கு இறங்கியிருக்கிறது. 940 வந்துகொண்டிருந்து நடுநடுவே பாதாளத்துக்கு விழுந்தால் பிழைகள் நடக்கின்றன என்று பொருள். சோதனைக்கு முன்னும் பின்னும் நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் எத்டூல் கட்டளையில் கேப்பிட்டல் எஸ் கொடுத்து வரும் எண்களைச் சேமித்து, எது கூடியது என்று ஒப்பிடுங்கள். மொத்த எண்ணைப் பார்த்து ஒன்றும் தெரியாது, கூடிய அளவுதான் சேதி சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. 100க்கு இறங்குகிறதே என்று எரிச்சலில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனைகளும் வேகத்தைப் பேசி முடிவு செய்வது) அணைத்து 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்புவது) என்று நிலைநிறுத்தி விடாதீர்கள். எதிர்முனைக்கு வேகத்தை மட்டும்தான் மோப்பம் பிடிக்க முடியும், டூப்ளெக்ஸைத் தெரிந்துகொள்ள வழி இல்லை. அது ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய் உட்காரும். பிங் நன்றாக இருக்கும், பெரிய கோப்பு அனுப்பினால் ஆமை வேகம். இருக்கிற இரண்டு கோளாறோடு மூன்றாவதும் சேர்ந்துவிடும்.

இனி இரவு. இதன் முகமே வேறு. பேக்கப் நின்ற இரவுகளின் லாக்கில் 'லிங்க் டவுன்' வரியே இல்லை. அதற்குப் பதில் 'நெட்தெவ் வாட்ச்டாக்' என்று தொடங்கி, ஆர்8169 என்று (ரியல்டெக் கார்டுகளுக்கான) டிரைவர் பெயரையும் சொல்லி, டிரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட் என்று முடியும் ஒரு வரியும், அதன் கீழ் நீளமான ஒரு டம்ப்பும் இருக்கின்றன. இதன் பொருள்: கேபிள் உயிரோடு இருக்கிறது, லைட் எரிகிறது, ஆனால் அனுப்பச் சொல்லிக் கெர்னல் கொடுத்த பாக்கெட்டுகளை 'அனுப்பிவிட்டேன்' என்று கார்டு சில நொடிகளாகச் சொல்லவே இல்லை. அப்போது டிரைவர் கார்டைத் தட்டி எழுப்பப் பார்க்கும். சில சமயம் எழும். உங்களுடையது எழவில்லை.

"இந்த வரி எப்போதோ ஒருமுறைதான் வருகிறது, அதனால் பொருட்படுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். டெபியன் 12 உடன் வரும் 6.1 கெர்னலில் அந்த எச்சரிக்கை ஒரு பூட்டுக்கு ஒருமுறைதான் அச்சாகும். அதன் பிறகு நூறு முறை நடந்தாலும் லாக்கில் மறுபடி வராது. உண்மைக் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: முன்பு சொன்ன அதே இன்டர்ஃபேஸ் அடைவில் கியூஸ், அதற்குள் டிஎக்ஸ்-0, அதில் டிஎக்ஸ்_டைம்அவுட் என்ற கோப்பு. ஸ்கிரிப்டில் எழுத வேண்டிய இரண்டாவது எண் இது. முந்தைய பூட்டின் கெர்னல் செய்திகளை ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு சின்ன கே, சின்ன பி, மைனஸ் 1 கொடுத்துப் படிக்கலாம். ரீபூட் செய்துவிட்டோமே, எல்லாம் போயிற்றே என்று நினைக்க வேண்டாம்.

இந்த வகை மயக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. உங்கள் லாக்கைப் பார்த்தவரை நான் முதலில் சந்தேகிப்பது மின்சேமிப்பு. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஏஎஸ்பிஎம் என்று ஒன்று இருக்கிறது. வேலை இல்லாதபோது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பை உறங்க வைத்து, வேலை வந்ததும் எழுப்பும். மாலை ஏழு மணிக்கு ஆபீஸ் அடங்குகிறது, சர்வர் சும்மா இருக்கிறது, பதினோரு மணிக்கு பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் திடீரென்று பெருவெள்ளமாக அனுப்பத் தொடங்குகிறது. போர்டு, பயோஸ், சிப் மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் அந்த எழுப்புதலில் தடுமாறும். எல்எஸ்பிசிஐ கட்டளையில் இரண்டு வி கொடுத்து, உங்கள் கார்டின் பகுதியில் 'எல்என்கேசிடிஎல்' வரியைப் பாருங்கள். ஏஎஸ்பிஎம் பக்கத்தில் எல்1 எனேபிள்டு என்று இருந்தால் அது இயங்குகிறது.

இதை அணைக்க எல்லோரும் கெர்னல் வரியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று போடச் சொல்வார்கள். அந்தச் சொல் ஏமாற்றும். அதற்கு 'ஏஎஸ்பிஎம்மை அணை' என்று பொருள் இல்லை, 'கெர்னலே, நீ அதில் கை வைக்காதே' என்றுதான் பொருள். பயோஸ் ஏற்கெனவே அதை இயக்கி விட்டிருந்தால் அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் பயோஸில் போய் அணையுங்கள். பயோஸில் அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்.பாலிசி=பெர்ஃபார்மன்ஸ் என்று கொடுங்கள். கெர்னலை ஏற்றும் கிரப்பின் அமைப்புக் கோப்பில் எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்து, மறுபடி எல்எஸ்பிசிஐ பார்த்து, டிஸேபிள்டு என்று கண்ணால் கண்ட பிறகே அது முடிந்தது என்று எண்ணுங்கள்.

அதைச் செய்துவிட்டு ஒரு வாரம் வேறு எதையும் தொடாமல் இருங்கள். உங்களுக்குப் பேக்கப் வாரத்தில் இரண்டு மூன்று இரவு நிற்கிறது என்பதால் ஏழு இரவு பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். இன்னும் நின்றால் அடுத்தது ஆஃப்லோடு. கெர்னல் பெரிய துண்டாகக் கொடுக்க, கார்டே 1500 பைட் துண்டுகளாக வெட்டி அனுப்பும் வசதி அது. எத்டூல் சின்ன கே கொடுத்தால் எது இயங்குகிறது என்று காட்டும், கேப்பிட்டல் கே கொடுத்து டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணைக்கலாம். உங்கள் அளவு சர்வருக்கு அதனால் வரும் கூடுதல் சுமை பெரிதாகத் தெரியாது. இதற்கு மேலும் நின்றால், புதிய பதிப்புகளைத் தரும் டெபியன் பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கெர்னல். லாக்கின் தொடக்கத்தில் ரியல்டெக் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரியும் பார்த்தேன். 2023இல் வந்த டெபியன் 12இல் ஃபர்ம்வேருக்கென்று தனிப் பிரிவு உண்டு, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று. பழைய டெபியனிலிருந்து ஏற்றி வந்தவர்களின் சோர்சஸ் கோப்பில் அது விட்டுப் போயிருக்கும். அதைச் சேர்த்து ஃபர்ம்வேர்-ரியல்டெக் பேக்கேஜை நிறுவிவிடுங்கள். அதற்கும் ஒரு வாரம் தனியாகக் கொடுங்கள்.

கெர்னலோடு வராத ஆர்8168 என்ற வேறு டிரைவரை நிறுவச் சொல்லியும் உங்களுக்கு யோசனை வந்திருக்கும். சிலருக்கு அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் அது மறுபடி கம்பைல் ஆக வேண்டும், ஒருநாள் ஆகாவிட்டால் சர்வர் நெட்வொர்க்கே இல்லாமல் ஏறும். தனி ஆளாக ஒரு நிறுவனத்தைத் தாங்கும் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதைவிட ஒரு நல்ல கார்டு மேல்.

நல்ல கார்டு என்றதும் இன்டெல் என்று நினைப்போம். நானும் பெரும்பாலும் ஐஜிபி டிரைவரில் ஓடும் இன்டெல் கார்டுகளையே போடுகிறேன். ஆனாலும் எந்தப் பெயரையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2013 பிப்ரவரியில் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர், இன்டெல் 82574எல் கார்டு ஒரு குறிப்பிட்ட பாக்கெட் வந்ததும் செத்துப் போவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். பாக்கெட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு பைட் ஒரு குறிப்பிட்ட மதிப்பில் இருந்தால் போதும், மின்சாரத்தை நிறுத்திப் போடும்வரை கார்டு எழாது. ஒரு போர்டு தயாரிப்பாளர் கார்டின் அமைப்புகளை வைத்திருக்கும் ஈஈப்ராம் சிப்பில் தவறாக எழுதியதுதான் காரணம் என்று இன்டெல் விளக்கம் சொன்னது. என்னை அதில் கவர்ந்தது அவர் போன வழி. கார்டு விழும் ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்த பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, ஒரு பைட்டுக்கு வந்து நின்றார். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. கேரியர்_சேஞ்சஸ், டிஎக்ஸ்_டைம்அவுட், லிங்க் வேகம் ஆகிய மூன்றும் நேரத்தோடு ஒவ்வொரு நிமிடமும் ஒரு கோப்பில் விழுந்தால் போதும். முதல் எண் கூடினால் பகல் கோளாறு, இரண்டாவது கூடினால் இரவுக் கோளாறு. இரண்டும் கூடாமல் நெட்வொர்க் போனால் அது வேறு ஏதோ. அப்போது அதே ஐபி முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று ஆர்பிங் கட்டளையால் தேடுங்கள்.

இந்த மாற்றங்களை வீட்டிலிருந்தபடி செய்ய வேண்டாம். நெட்வொர்க்கைச் சரிசெய்யும் வேலையை அதே நெட்வொர்க் வழியாகச் செய்தால், ஒரு தவறில் வெளியே பூட்டிக்கொள்வோம். மானிட்டரும் கீபோர்டும் மாட்டி, எதிரே உட்கார்ந்து செய்யுங்கள்.

கடைசியாக நீங்கள் திருப்பிக் கொடுத்த அந்தக் கார்டு. அது செருகியிருந்த நாளின் லாக்கில் ஐஜிபி டிரைவர் அதை அடையாளம் கண்டிருக்கிறது, ஒரு பிழையும் இல்லை, ஈஎன்பி1எஸ்0 என்று பெயரும் வைத்திருக்கிறது. உங்கள் பழைய போர்ட்டோ அதுவரை ஈஎன்பி2எஸ்0 ஆக இருந்தது, புதுக் கார்டு நுழைந்ததும் ஈஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. பிசிஐ வரிசையில் ஒன்று சேர்ந்தால் பின்னால் இருப்பவற்றின் எண் நகரும். /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பிலோ ஈஎன்பி2எஸ்0 என்றே எழுதியிருந்தது. அந்தப் பெயரில் யாருமே இல்லாததால் ஐபி யாருக்கும் கிடைக்கவில்லை. மேக் முகவரியை (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய அடையாள எண்) சொல்லி லேன்0 என்று நிலையான பெயர் தரும் .லிங்க் கோப்பு ஒன்றை /இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க் அடைவில் வைத்து, இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் அந்தப் பெயரையே எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிவிட்டால் இனி எந்தக் கார்டு வந்தாலும் போனாலும் பெயர் மாறாது. கடைக்காரரிடம் அந்தக் கார்டு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், முதலில் கேபிளை மாற்றிவிட்டு, பிறகு அதையே வாங்கி மாட்டிப் பாருங்கள்.